வகுப்பறைக் குரல்

— அடிச்சீங்களா டீச்சர்? அத மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் நான் கேக்கல.

— சத்தியமா இல்லீங்க ஜிஜியக்கா. எனக்குப் புள்ளைங்கள அடிக்கக் கையே வராதுங்க. அதுவும் உங்க டின்சியவா?

— அப்ப ஏசியிருப்பீங்க.

— ஒரு வார்த்தை வஞ்சதில்லீங்க.

— பெறகு என்னத்துக்கு எம் புள்ளைய ஊமைன்னு சொல்லிக்கிட்டு, இந்த மழையில எஸ்டேட்டு லயத்து வீடு வரைக்கும் ஏறி வந்துருக்கீங்க?

— நான் ஊமைன்னு சொல்லுவனுங்களா? ஸ்கூல் தொறந்த நாள்ல இருந்து கிளாசுக்குள்ள அவ வாயத் தொறக்கறதில்லைங்க, அதத்தான் சொல்ல வந்தேன். எழுதச் சொன்னா முத்து முத்தா எழுதித் தர்றா. வாசின்னா மட்டும் புஸ்தகத்தப் பாக்கறா, என்னைப் பாக்கறா, உதட்டக் கடிச்சுக்கறா. நாளைக்கு மேலாபீஸ்ல இருந்து ஒரு மேடம் வர்றாங்க. ரெண்டாங் கிளாஸ் புள்ளைங்க ஒவ்வொருத்தரையும் வாசிக்க வெச்சு, பேச வெச்சுப் பாத்து எழுதிட்டுப் போவாங்க. அவங்க முன்னாடியும் இவ இப்படியே நின்னான்னா, பேச்சு வராத புள்ளைன்னு எழுதிப்போடுவாங்க. அப்பறம் தனி ஸ்கூலு, டவுன் ஹாஸ்டலுன்னு ஆரம்பிச்சுருவாங்க. அதுக்கு முன்னாடி பெத்தவங்கள ஒரு வார்த்தை கேட்டுப்போடலாம்னுதான் வந்தனுங்க.

— பேச்சு வராத புள்ளையா! இவளா! மாதாவே, கேட்டீங்களா இத? டீச்சர், இந்த லயத்துல எந்த வீட்டு அடுப்புல என்ன கொதிக்குதுன்னு இவகிட்டக் கேட்டாப் போதும். நான் கொழுந்தெடுத்துட்டு வந்து கூடையக்கூட எறக்கியிருக்க மாட்டேன், அதுக்குள்ள ஊர்க்கத அம்புட்டையும் எங்காதுல ஊத்திருவா. வீட்டுக்குள்ள ஸ்கூலே நடத்துறா. கோழிகள வரிசையா நிப்பாட்டி, ‘சத்தமா வாசிங்க கண்ணு, பயப்படாதீங்க சாமி’ன்னு ஒங்கள மாதிரியே இழுத்து இழுத்துப் பேசுவா.

— கோழிக்குமா ‘ங்க’ போடறா?

— கோழிக்குத்தான் மொதல்ல. இந்த எஸ்டேட்லயே மரியாதப்பட்ட கோழி நம்ம வீட்டுக் கோழிதான்னு எங்க வீட்டுக்காரரு சிரிப்பாரு.

— எங்க மீனாட்சிபுரத்துப் பேச்சு கோழி வரைக்கும் வந்துருச்சுங்களா! … அங்க பாருங்கக்கா, கதவுக்குப் பின்னால களுக்குன்னு ஒரு சிரிப்பு கேட்டுச்சு. நான் திரும்புனதும் நின்னு போச்சு.

— ஏட்டி டின்சி, வெளிய வா. டீச்சருக்குக் கட்டன் சாயா ஊத்தி வெச்சிருக்கேன், கொண்டாந்து குடு. சிந்தாம. ‘குடிங்க டீச்சர்’னு சொல்லு. … சொல்லு புள்ள. … என்னட்டி, நாக்கு ஒட்டிக்கிச்சா? கோழிகிட்ட அம்புட்டுப் பேசுற வாயி!

— விடுங்கக்கா, விடுங்க. குடு சாமி. ஆவி பறக்குது, நல்லா இருக்குது. நீ அம்மா பக்கத்துல உக்காந்துக்க. ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம். … பாத்தீங்களாக்கா? இதேதானுங்க. மத்தியானச் சோறு ஆக்கற சின்னத்தாயியக்காகூட அடுப்படியில நின்னு வாயடிக்கறா. நான் அந்தப் பக்கம் போனா அடைச்சுக்குது. கிளாசுக்குள்ள, எனக்கு முன்னாடி மட்டுந்தான் இப்படி.

— எனக்கு நம்பிக்கையே வரல டீச்சர்.

— எனக்கும் வரலீங்க, போன வாரம் வரைக்கும். தெனமும் காலையில ‘வர்ற வழியில என்ன பாத்தே?’ன்னு ஒவ்வொரு புள்ளையையும் சொல்லச் சொல்லுவேன். பேசிப் பழகறதுக்கு. போன வாரம் இவ லேட்டா ஓடி வர்றா. மூச்சு வாங்குது. நேரா போர்டுகிட்டப் போயி, சாக்பீச எடுத்து என்ன எழுதுனா தெரியுங்களா? ‘ஆனை நிக்குது. கேட்டுக்குப் பக்கத்துல. யாரும் போகாதீங்க.’

— ஆத்தாடி! ஆனையப் பாத்துட்டுமா பேசல?

— ஆனையப் பாத்துட்டும் பேசலீங்க. கடசியில ஒரு புள்ளி வெக்கக்கூட மறக்கல.

— எங்கிட்ட அந்த ஆனைக் கதைய சோறு திங்கறப்பவும் சொன்னா, பாயில படுத்தப்பவும் சொன்னா. … போன வருசம் இவ இப்படி இல்லையே டீச்சர்?

— போன வருசமா? போன வருசம் எனக்கு வாயே இந்தப் புள்ளைதானுங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?

— டீச்சருக்குத் தொண்ட சரியில்லன்னு சொன்னா. முழுசாத் தெரியாது.

— கிறிஸ்துமஸ் லீவு முடிஞ்சு வந்தப்ப எனக்குக் குரல் கம்மிப்போச்சுங்க. குளிருன்னு நெனச்சேன். கசாயம் குடிச்சேன், மொளகு மென்னேன். கொஞ்ச நாள்ல பாத்தா, வாயத் தொறந்தா காத்துதான் வருது, சத்தம் வர்றதில்ல. ஒரு டீச்சருக்குக் குரல் போச்சுன்னா மிச்சம் என்னங்க இருக்குது? லீவு போட்டா மாத்து ஆளு கெடையாது. தமிழு சொல்லித் தர நான் ஒருத்திதான். அப்பத்தான் டின்சிய என்ற மேசைகிட்ட நிக்க வெச்சேன். நான் குனிஞ்சு அவ காதுல மெதுவாச் சொல்லுவேன், அவ கிளாசுக்கே கேக்கற மாதிரிச் சொல்லுவா. பாட்டும் அப்படித்தான், கதையும் அப்படித்தான். கடசி பெஞ்சு வினோவ ‘சன்னலப் பாக்காத, இங்க பாரு’ன்னு அதட்டறதும் அவதான்.

— அத நீங்க சொல்லிக் குடுத்தீங்களா, இவளாச் சேத்துக்கிட்டாளா?

— நான் சொல்லோணும்னு வாயெடுப்பேன், அதுக்குள்ள அவ சொல்லிருப்பா.

— பாத்தீங்களா, பெறக்கும்போதே வாத்தியாரு.

— அப்படித்தானுங்க பரீட்சை வரைக்கும் ஓட்டுனோம். ‘கிளாஸ்ல பேசற உன்ற குரல எனக்குக் குடுத்துரு கண்ணு’ன்னு வெளையாட்டாச் சொல்லுவேன். ‘எடுத்துக்கோங்க டீச்சர்’னு கழுத்த நீட்டுவா. ஸ்கூல் அடைச்சதும் கோயமுத்தூர்ல ஆப்பரேசன் பண்ணுனாங்க. குரல் வந்தா வரும், வராமயும் போகும்னு டாக்டரு சொல்லிட்டாரு. அந்தக் கட்டில்ல படுத்துட்டு, நான் இனி டீச்சரா என்னங்கறது தெரியாம கெடந்தப்ப, எங்காதுல ஓடுனது டின்சி வாசிக்கற சத்தந்தானுங்க. எனக்கு அது ஒரு தெம்பு.

— இப்ப மணி மாதிரிக் கேக்குதே டீச்சர் ஒங்க குரலு!

— எல்லாம் சாமி புண்ணியம். ஸ்கூல் தொறந்த அன்னைக்கு ‘வாங்க கண்ணுகளா’ன்னு ஒரு சத்தம் போட்டேன். புள்ளைங்க கத்திக் குதிச்சுதுங்க. இவ மட்டும் எந்திரிச்சு நின்னு, கண்ணு நெறையத் தண்ணியோட என்னையே பாத்துட்டு இருந்தா. ஒரு வார்த்தை பேசல. அன்னைக்கு மூடுன வாய்தானுங்க.

— என்ன சொல்றீங்க? அன்னைக்கு வீட்டுக்கு வந்து ஆடுன ஆட்டம் எனக்கில்ல தெரியும்! ‘டீச்சருக்குக் குரல் வந்துருச்சும்மா, வந்துருச்சும்மா’ன்னு லயம் முழுக்கத் தம்பட்டம் அடிச்சா. சாயங்கால ஜெபத்துல நாங்கெல்லாம் எந்திரிச்ச பெறகும் மாதா படத்து முன்னால முட்டி போட்டே இருந்தா. சோறு ஆறிப்போச்சு.

— அப்ப எம்மேல கோவம் இல்லைங்களா? நான் அப்படித்தானுங்க நெனச்சுட்டு இருந்தேன். குரல் இல்லாதப்ப அந்தப் புள்ளைய மேசைகிட்ட நிக்க வெச்சேன். குரல் வந்ததும், ‘உன்ற எடத்துல போயி உக்காந்துக்க’ன்னு அனுப்பிச்சுட்டேன். நல்லதா நாலு வார்த்தைகூடச் சொல்லல. புள்ள மனசு ஒடஞ்சு போச்சு போலன்னு நெனச்சேன்.

— கோவமா! கோவக்காரியா டீச்சர் தெனமும் சுடுதண்ணி சொமந்துக்கிட்டு வருவா?

— எந்தச் சுடுதண்ணிங்க?

— நல்லாக் கேட்டீங்க! வெடியக்காலம் நான் வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு ஓடுற அவசரத்துல, ‘டீச்சருக்குத் தண்ணி, டீச்சருக்குத் தண்ணி’ன்னு உயிர எடுப்பா. ஏலக்கா ஒண்ணத் தட்டிப் போட்டு, அந்தச் சின்னத் தூக்குல ஊத்திக் குடுக்கணும். ஒரு நா மறந்துட்டேன்னு வைங்க, சோத்துத் தூக்க எடுக்காமயே அழுதுக்கிட்டு நிப்பா. நீங்க கேட்டீங்கன்னுல்ல சொன்னா?

— நான் கேக்கவே இல்லீங்க! என்ற மேசை மேல தெனமும் இருக்குது, சூடு ஆறாம. சின்னத்தாயியக்கா வெக்கறாங்கன்னு நெனச்சு, தெனமும் அடுப்படிக்குப் போயி ஒரு கும்பிடு போட்டுட்டு வர்றேன். அவங்களும் எதுக்குன்னே தெரியாம திருப்பிக் கும்பிட்டுட்டு இருக்கறாங்க!

— ஹய்யோ, சின்னத்தாயி! அதான் அவ எங்கிட்ட, ‘அந்த டீச்சரம்மா ரொம்ப பக்திக்காரி, அடுப்பக்கூடக் கும்பிடுறாங்க’ன்னு சொன்னாளா!

— சாமி, நீயா? நெசமா நீதானா? … தலைய ஆட்டறா பாருங்க. எப்ப வெப்பே, எப்படி வெப்பே, நான் பாக்கவே இல்லியே. இந்தக் குளிர்ல என்ற தொண்டைய நனச்சுட்டு இருந்தது இந்தக் கைதானா! ஜிஜியக்கா, எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலீங்க.

— நீங்க என்ன சொல்றது, நாங்கதான் சொல்லணும். நீங்க வாறதுக்கு முன்னால ஒரு வருசம் தமிழுக்கு ஆளே இல்லாம கெடந்துச்சு. பிள்ளைங்க போவும், சோறு திங்கும், திரும்பி வரும். மத்தவங்க எல்லாம் டவுன்ல இங்கிலீஷ் மீடியத்துல சேத்தாங்க. எனக்கும் ஆசை இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா இவ அப்பா ஏலக்காட்டுச் சரிவுல உருண்டு கால் ஒடிஞ்சு கெடந்தாரு பாருங்க, அப்பத்தான் ஒங்க படிப்போட அருமை எனக்குத் தெரிஞ்சுச்சு. எங்க ரெண்டு பேருக்கும் ஒழுங்கா ஒரு பக்கம் வாசிக்க வராது. இவ தெனமும் கட்டில்கிட்ட உக்காந்து ஜெபப் புத்தகத்த எழுத்துக் கூட்டி வாசிப்பா. மாத்திரையில அடங்காத வலி அதுல அடங்குச்சு டீச்சர். ‘இந்தப் புள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்த கை நல்லா இருக்கணும்’னு அவரு படுத்துக்கிட்டே சொல்லுவாரு.

— ஷிஜு அண்ணன் இப்ப நல்லா நடக்கறாருங்களா?

— நடக்கவா? ஜீப்பே ஓட்டுறாரு! ஏப்ரல் லீவுல வேளாங்கண்ணிக்குப் போயி நேர்ச்சை செலுத்திட்டு வந்தோம். கால் உரு வாங்கிப் போட்டேன்.

— உருன்னா, தகட்டுல கை, காலு, கண்ணுன்னு அடிச்சு வெச்சிருப்பாங்களே, அதுங்களா? எங்கூர் மாரியாத்தா கோயில்லயும் உண்டுங்க. கண்ணு நோவு சொகமானா, கண்மலர் வாங்கிச் சாத்துவாங்க.

— அதேதான். ஒடம்புல எந்த எடத்துக்குச் சொகம் வேணுமோ, அந்த உரு. அங்க கடைக்கு முன்னால இவளுக்கு ஒரே அடம், தனக்கும் ஒண்ணு வேணும்னு. கடைக்காரரு தட்டக் கெளறிக் கெளறிப் பாத்தா. கடைசில ஒரு தல உரு எடுத்தா. மூஞ்சி, வாயி எல்லாம் இருந்துச்சு. எதுக்குட்டின்னு கேட்டா சொல்ல மாட்டேன்னுட்டா. அப்ப இவ தலையில பேன் மாநாடு நடந்துக்கிட்டிருந்துச்சு. சரி, பேன் ஒழியத்தான் மாதாகிட்டக் கேக்குறா போலன்னு வாங்கிக் குடுத்துட்டேன்.

— ஒழிஞ்சுதுங்களா?

— எங்க! அதுக்குச் சீப்புதான் வேலை செஞ்சுச்சு. உரு வாங்குனதுகூடப் பரவால்ல டீச்சர், இவ கேக்குற கேள்விக்குத்தான் பதில் சொல்லி மாளாது. போறப்ப பஸ்ஸுல கேக்குறா, ‘அப்பாவுக்கு மாதா நல்ல காலு குடுத்தாங்கல்ல, அத யாருகிட்ட இருந்து வாங்கிக் குடுத்தாங்க?’ன்னு. நானே மலை எறக்கத்துல தல சுத்தி, எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டு உக்காந்திருக்கேன். ‘யாராவது குடுத்திருப்பாங்க, பேசாம வா’ன்னுட்டேன். அங்க போயி உருவப் பொட்டியில போட்டதும் அடுத்த கேள்வி, ‘போட்டதத் திரும்ப எடுத்துக்கிடலாமா?’ன்னு. ‘மாதாவுக்குக் குடுத்தது குடுத்ததுதான், திருப்பிக் கேக்கப்படாது’ன்னேன். அதுக்குப் பெறகுதான் பொட்டிய விட்டு நகந்தா.

— ஏனுங்க, புள்ளைகிட்ட அப்படிச் சொல்லிப்போட்டீங்க? எங்கூர்ல தேங்கா குடுத்தா, சாமிக்கு ஒரு மூடி வெச்சுட்டு நமக்கு ஒரு மூடி திருப்பிக் குடுத்துருவாங்க. குடுத்தத அப்படியே வெச்சுக்கற சாமி எங்கீங்க இருக்குது?

— மாதாவும் வெச்சுக்கிட மாட்டாங்க டீச்சர். நாமளாத் திருப்பிக் கேக்கப்படாது, அம்புட்டுதான். அவங்களாக் குடுப்பாங்க. நான் போட்டது ஒரு விரல் நீளத் தகடு. அதுக்கு எனக்கு முழுசா ஒரு மனுசன எழுப்பி அனுப்பிட்டாங்களே! … இன்னுங் கொஞ்சம் கட்டன் ஊத்தவா?

— போதுங்க. மழை விட்டாப்பல இருக்குது, கடசி ஜீப்பு போறதுக்குள்ள எறங்கோணும். … ஜிஜியக்கா, ஒண்ணு சொல்றேன், வருத்தப்படாதீங்க.

— என்ன டீச்சர்?

— கோவம் இல்லைன்னு தெரிஞ்சுது, மனசு குளுந்து போச்சு. ஆனா கோவம் இல்லைன்னா பயமுங்க. என்னக் கண்டா அந்தப் புள்ளைக்கு என்னமோ ஒரு பயம் இருக்குது. இல்லாட்டி ஆனையப் பாத்துட்டு வந்தும் பேசாம இருப்பாளா? நாளைக்கு மேடத்துகிட்ட நானே சொல்லிப்போடறேன், ‘கொறை புள்ளைகிட்ட இல்லைங்க, டீச்சர்கிட்ட. வேற டீச்சர் வந்தா இவ பேசுவா. பேச்சு வராதுன்னு மட்டும் எழுதிராதீங்க’ன்னு. எங்கூர்ப் பக்கம் ஒரு எடம் காலியா இருக்குது. கேட்டா மாத்தித் தர்றேன்னு சொன்னாங்க. வேண்டாம்னுதான் இருந்தேன். இப்பக் கேட்டு வாங்கிட்டுப் போயர்றேன்.

— என்ன பேச்சு டீச்சர் இது? ஒரு புள்ளைக்காக மத்த பிள்ளைங்கள எல்லாம் விட்டுட்டா?

— ஒரு புள்ளைய ஊமைன்னு எழுத விட்டுட்டு, மத்த புள்ளைங்களுக்கு நான் என்னத்தப் பேசச் சொல்லித் தர்றதுங்க?

— நீங்க போனா மறுபடியும் கதவு அடைச்சுத்தான் கெடக்கும். இந்தக் குளிருக்கு யாரு வருவா?

— என்னை அனுப்புன சாமி இன்னொருத்தர அனுப்பாமயா இருக்கும்? … கண்ணு, இங்க வா. போறதுக்கு முன்னாடி உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். ஸ்கூல் தொறந்த அன்னைக்கே சொல்லியிருக்கோணும். எனக்குத் தொண்டை இல்லாதப்ப நீ எனக்குத் தொண்டையா நின்னே. உன்னாலதான் நான் டீச்சரா இருந்தேன். நீ வெச்ச தண்ணியாலதான் இன்னைக்கும் பேசறேன். என்ற உசுரு இருக்கற வரைக்கும் இத மறக்க மாட்டேன், சாமி. … அழுகாத. அழுகக் கூடாது. நான் வரட்டுமா?

— டின்சி, டீச்சர் சேலைய விடு. … விடு புள்ள, கிழிஞ்சிரப் போவுது.

— இருக்கட்டுங்க. ரெண்டு கையாலயும் புடிச்சுட்டா. என்ன கண்ணு? நான் போக வேண்டாமா? … வேண்டாங்கறா. அப்ப வாயத் தொறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லு. ‘போகாதீங்க’ன்னு சொல்லு, நான் எங்கியும் போக மாட்டேன்.

— சொல்லுட்டி. மாதா இருக்காங்க, சொல்லு. … டீச்சர், ஒதடு நடுங்குது பாருங்க எம் புள்ளைக்கு!

— சத்தமா வேண்டாம் சாமி. காதுல சொன்னாப் போதும். போன வருசம் நான் உன்ற காதுல சொல்லுவனில்ல, அதே மாதிரி. இந்தா, குனிஞ்சுட்டேன்.

— டீச்சர்… நான் பேசிட்டா, ஒங்க குரல மாதா திருப்பி எடுத்துக்கிட மாட்டாங்களா?